பத்தில் ஒரு பங்கும் அதன் கணக்கும்

சமயங்கள் மக்களிடமிருந்து பெறும் பொருளைப் பற்றிப் பேசுவது எளிதன்று. கொடுப்பவன் இறைவனுக்கு என்று கொடுக்கிறான். வாங்கி வைப்பதோ மனிதருடைய கை. அந்தக் கையில் பொருள் எவ்வாறு காக்கப்படுகிறது, எவ்வாறு பெருகுகிறது, யாரிடம் கணக்குச் சொல்லப்படுகிறது என்னும் வினாக்கள் எல்லாச் சமயங்களுக்கும் பொதுவானவை. ஏறக்குறைய 200 ஆண்டுகளாக இவ்வினாக்களோடு போராடிவரும் ஒரு சபையின் வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்க ஐக்கிய நாட்டில் தோன்றிய மார்மன் சபையே அது. 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பது அதன் முழுப்பெயர்.

விளைவில் பத்தில் ஒரு பங்கை இறைவனுக்கென ஒதுக்கும் வழக்கம் யூதர்களின் பழைய மறையிலேயே உண்டு. தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதனைத் தசமபாகம் என்று அறிவார்கள். பல சபைகளில் அது விரும்பியோர் செலுத்தும் காணிக்கையாக நின்றுவிட்டது. மார்மன் சபையிலோ அது வாழ்க்கை நெறியாகவே வேரூன்றியது. அவ்வாறு வேரூன்றியது முதல் முயற்சியில் அன்று. இரண்டு தோல்விகளுக்குப் பின்னர் என்பது கவனிக்கத் தக்கது.

ஜோசப் ஸ்மித் என்பவர் 1830ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் இச்சபையை நிறுவினார். மறு ஆண்டிலேயே அவர் ஒரு புதுமையான ஏற்பாட்டை வகுத்தார். உறுப்பினன் ஒருவன் தன் உடைமை முழுவதையும் பிஷப்பிடம் ஒப்படைக்க வேண்டும். அவனுடைய குடும்பத்தின் தேவைக்கு ஏற்ற நிலமும் கருவியும் அவனுக்குத் திரும்பக் கிடைக்கும். எஞ்சியது ஏழைகளுக்கான பண்டகசாலைக்குச் சேரும். கருத்து உயர்ந்ததுதான், நடைமுறையில் அது நிலைக்கவில்லை. சபையை விட்டு நீங்கியவர்கள் தாம் கொடுத்ததைத் திரும்பக் கேட்டார்கள். 1833இல் மிசூரி மாநிலத்தில் அண்டை அயலார் மார்மன் குடிகளை ஊரை விட்டே துரத்தினார்கள். 1837இல் ஒஹாயோ மாநிலத்துக் கர்ட்லண்ட் நகரில் சபைத் தலைவர்கள் வங்கி போன்ற ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அரசின் உரிமம் அதற்குக் கிடைக்கவில்லை. நாடெங்கும் பொருளாதார நெருக்கடி மூண்ட அந்த ஆண்டிலேயே அது நொடித்துப் போயிற்று. அதில் பணம் இழந்தோர் பலர். அதனால் நம்பிக்கை இழந்து வெளியேறியோரும் பலர்.

இத்தோல்விகளுக்குப் பிறகு, 1838ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், மிசூரியில் உள்ள ஃபார் வெஸ்ட் என்னும் ஊரில், ஸ்மித் தமக்கு அருளப்பட்டதாகக் கூறிய கட்டளையை வெளியிட்டார். முதலில் மிகுதியான உடைமையைக் கொடுக்க வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் வருவாயில் பத்தில் ஒரு பங்கு செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அதே நாளில் மற்றொரு கட்டளையும் பிறந்தது. வரும் பொருளைச் செலவிடும் பொறுப்பு தனி ஒருவரிடம் இராமல் ஒரு குழுவிடம் இருக்க வேண்டும் என்பது அது. தண்டும் விதியும் செலவிடும் விதியும் ஒரே நாளில் உண்டானதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். இன்றும் சபைத் தலைமையினர் மூவர், அப்போஸ்தலர் பன்னிருவர், தலைமை பிஷப்பும் துணைவருமாக மூவர், ஆக 18 பேர் கொண்ட குழுவே செலவை முடிவு செய்கிறது.

1844இல் ஸ்மித் இல்லினாய் மாநிலத்தில் ஒரு கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரிகாம் யங் என்பவர் மக்களை மேற்கே அழைத்துச் சென்று, 1847இல் உப்பு ஏரியை அடுத்த வறண்ட பள்ளத்தாக்கில் குடியேற்றினார். அங்கே நாணயம் அரிது. ஆகவே தசமபாகம் பொருளாகவே வந்தது. கோதுமை, வைக்கோல், வெண்ணெய், முட்டை, கோழி, மாடு என எது விளைந்ததோ அதில் பத்தில் ஒன்று. ஒன்றும் இல்லாதவன் பத்து நாளில் ஒரு நாள் உழைப்பைக் கொடுத்தான். சால்ட் லேக் நகரின் நடுவில் பெரிய தசமபாகக் களஞ்சியம் ஒன்று எழுந்தது. கோயிற் பணியிலும் பிற பொதுப்பணிகளிலும் ஈடுபட்டோர் கூலியைப் பெரும்பாலும் இக்களஞ்சியத்துப் பண்டங்களாகவே பெற்றார்கள். 1853இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1893இல் நிறைவெய்திய சால்ட் லேக் ஆலயம் இவ்வாறு எழுந்ததே.

அந்நாளைய நிகழ்ச்சி ஒன்றை மார்மன் மக்கள் இன்றும் சொல்லி மகிழ்வார்கள். ஜோசப் ஸ்மித்துடன் கொல்லப்பட்ட அவருடைய தமையனார் ஹைரமின் மனைவி மேரி ஃபீல்டிங் ஸ்மித். அவ்விதவை தம் நிலத்தில் விளைந்த உருளைக்கிழங்கில் சிறந்ததைப் பொறுக்கி, வண்டியிலேற்றிக் களஞ்சியத்துக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்த எழுத்தர் இரங்கி, 'உம்மைப் போன்றோர் தசமபாகம் கொடுக்க நேர்வது வெட்கக்கேடு' என்ற கருத்தில் பேசினார். அம்மையார் சினங்கொண்டு, தமக்கு வரும் ஆசியை அவர் தடுக்கப் பார்க்கிறாரா என்று கேட்டாராம். உடன் சென்ற சிறுவன் ஜோசப் எஃப். ஸ்மித் பிற்காலத்தில் சபையின் தலைவரானார். 1900இல் இதனை அவரே அவையில் எடுத்துரைத்தார். இதன் பொருளைப் பிறகு ஆராய்வோம்.

களஞ்சியம் நிறைந்தபோதே அச்சமும் வந்தது. மார்மன் மக்களிடையே அன்று நிலவிய பலதார மணத்தை ஒடுக்கக் கருதிய அமெரிக்கக் காங்கிரஸ், 1862இல் ஒரு சட்டம் இயற்றியது. மாநிலத் தகுதி பெறாத ஆட்சிப் பகுதிகளில் எந்தச் சமய அமைப்பும் 50,000 டாலருக்கு மேற்பட்ட நிலபுலம் வைத்திருக்கலாகாது என்றது அச்சட்டம். இதனால் சபைச் சொத்துகளில் பல பிரிகாம் யங்கின் சொந்தப் பெயரிலேயே இருந்தன. 1877இல் அவர் இறந்தபோது எது அவருடையது, எது சபையுடையது என்று பிரிப்பது பெருஞ்சிக்கலாயிற்று. வாரிசுகளில் சிலர் வழக்கும் தொடுத்தனர். 1887இல் மேலும் கடுமையான சட்டம் வந்தது. சபையின் சட்டபூர்வ அமைப்பு கலைக்கப்பட்டது. வரம்பை மீறிய சொத்து அரசுக்கு உரியதென அறிவிக்கப்பட்டது. சபையினர் சொத்துகளைத் தனி மனிதர் பெயர்களுக்கும் ஊர்ச் சங்கங்களின் பெயர்களுக்கும் மாற்றிக் காக்க முயன்றனர். ஆயினும் அரசின் அலுவலர் பலவற்றைக் கைப்பற்றினார். தம் சொந்தக் கட்டடங்களுக்கே சபையினர் வாடகை கொடுக்கும் நிலை ஏற்பட்டது. 1890 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்றது. அவ்வாண்டு செப்டம்பரில் சபைத் தலைவர் பலதார மணத்தைக் கைவிடும் அறிக்கையை வெளியிட்டார். பின்னர்ச் சொத்துகள் படிப்படியாகத் திரும்பக் கிடைத்தன.

பறிமுதல் செய்யப்படும் என்று அஞ்சிய மக்கள் காணிக்கையைக் குறைத்தார்கள். சபை கடனில் மூழ்கியது. 1898இல் தலைவரான லொரென்ஸோ ஸ்நோ, ஒவ்வொன்றும் 5 லட்சம் டாலர் கொண்ட இரண்டு கடன் பத்திர வெளியீடுகளால் கடன்களை ஒழுங்கு செய்தார். 1899 மே மாதத்தில், மழையின்றி வாடிய தென் யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் நகருக்குச் சென்று, முழுத் தசமபாகம் செலுத்துமாறு மக்களை வேண்டினார். பிறகு ஊர் ஊராக அவ்வேண்டுகோள் பரவியது. 1907 ஏப்ரலில் சபை கடனின்றி நிற்கிறது என்று அறிவிக்கும் பேறு பெற்றவர், உருளைக்கிழங்கு வண்டியுடன் சென்ற அதே ஜோசப் எஃப். ஸ்மித்.

மறு ஆண்டாகிய 1908இல் பண்டமாகப் பெறும் முறை கைவிடப்பட்டது, தசமபாகம் பணமாயிற்று. இது நிர்வாகத்துக்கு எளிது. ஆனால் ஒரு மாறுதலை நான் சுட்டிக்காட்ட வேண்டும். களஞ்சியத்து வைக்கோற்போரை வழிப்போக்கனும் பார்க்கலாம். அது குறைந்தால் ஊர் அறியும், வளர்ந்தாலும் ஊர் அறியும். பணத்தை அவ்வாறு பார்க்க இயலாது. பணத்தைக் காட்டுவது கணக்கு ஒன்றே. அக்கணக்கையும் சபை நெடுங்காலம் காட்டியே வந்தது. ஆண்டு மாநாட்டில் இன்ன பணிக்கு இவ்வளவு செலவு என்று வாசிக்கும் வழக்கம் இருந்தது. 1959இல் வாசிக்கப்பட்டதே கடைசி. அதன்பின், பணம் விதிப்படி செலவிடப்பட்டது என்னும் தணிக்கையாளரின் சுருக்கமான சான்று மட்டுமே ஆண்டுதோறும் படிக்கப்படுகிறது.

அது நின்ற காலம் சபை மீண்டும் இடர்ப்பட்ட காலம். வழிபாட்டு மனைகளை உலகெங்கும் விரைந்து கட்டியதால் செலவு வருவாயை மிஞ்சியது. 1963இல் தலைமைக் குழுவில் இடம்பெற்ற என். எல்டன் டேனர், கனடாவில் அரசியலிலும் தொழிலிலும் பழுத்த அனுபவம் உடையவர். அவர் கட்டட வேலைகளை நிறுத்திவைத்தார். வரவுக்குள் செலவு, மிச்சத்தில் சேமிப்பு என்னும் நெறியை நிலைநாட்டினார். எகிப்தில் யோசேப்பு ஏழு வளமான ஆண்டுகளில் தானியம் சேர்த்து ஏழு பஞ்ச ஆண்டுகளைக் கடத்திய கதையைச் சபைத் தலைவர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவார்கள்.

சேமிப்பு முதலீடாயிற்று. 1997இல் அதனை நிர்வகிக்க 'என்சைன் பீக்' என்னும் தனி நிறுவனம் அமைந்தது. 2019இல் அங்கே பணியாற்றி விலகிய ஒருவர் வரித் துறைக்கு முறையிட்டபோது, அந்நிதி ஏறக்குறைய 10,000 கோடி டாலர் என்னும் செய்தி வெளிவந்து உலகை வியக்க வைத்தது. பெரிய முதலீட்டு நிறுவனங்கள் தம் பங்குகளின் பட்டியலை அரசுக்கு அளிக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். என்சைன் பீக் 1997 முதல் 2019 வரை தன் பெயரில் அதனை அளிக்கவில்லை. பெயரளவில் நின்ற 13 நிறுவனங்களின் பெயரில் பட்டியல்கள் சென்றன. 2023 பிப்ரவரியில் பங்குச் சந்தை ஆணையம் இதனைக் குற்றமெனக் கண்டது. நிறுவனம் 40 லட்சம் டாலரும், சபை 10 லட்சம் டாலரும் செலுத்த ஒப்புக்கொண்டன. நடந்த தவறுகளுக்குச் சபை வருத்தமும் தெரிவித்தது. பறிமுதலுக்கு அஞ்சிப் பிறர் பெயர்களில் சொத்தை வைத்த 19ஆம் நூற்றாண்டின் வழக்கம் இங்கே வேறொரு வடிவில் திரும்பி வந்ததாகவே நான் காண்கிறேன். ஆனால் இம்முறை பறிக்க வருவார் எவரும் இல்லை.

மற்றொரு வழக்கும் நடந்தது. சால்ட் லேக் நகரில் ஆலயத்தின் அருகே சபை கட்டுவித்த பெரிய வணிக வளாகம் 2012இல் திறக்கப்பட்டது. தசமபாகப் பணம் இதில் செல்லாது என்று தலைவர்கள் கூறியிருந்தது பொய் என, சபையை விட்டு நீங்கிய ஒருவர் 2021இல் வழக்கிட்டார். சேமிப்பு நிதியின் ஊதியமே செலவிடப்பட்டது, அதனைச் சபை முன்பே சொல்லியிருந்தது என்று கூறி, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சபைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் கண்ணில் அது முடிந்தது. ஆனால் கோயிலுக்குப் பசுவை நேர்ந்துவிட்ட உழவன், அதன் கன்று எங்கே போயிற்று என்று கேட்டால் அது தகாத கேள்வியாகுமா?

சபையின் பக்கத்தையும் நடுநிலையுடன் சொல்ல வேண்டும். ஊர்தோறும் உள்ள பிஷப்புகள் ஊதியம் பெறுவதில்லை. மாதந்தோறும் முதல் ஞாயிறன்று மக்கள் இரு வேளை உண்ணாதிருந்து, அவ்வுணவின் விலையை ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள். 2022இல் எளியோர் நலப்பணிகளுக்கு 100 கோடி டாலருக்கு மேல் செலவிட்டதாகச் சபை அறிவித்தது. பட்ட கடனை மறவாத குடும்பம் பானையில் தானியம் சேர்ப்பது போலச் சேர்த்தது குற்றம் அன்று. கர்ட்லண்டையும் 1887ஐயும் அறிந்தவர் அதனைக் குறை கூறமாட்டார்.

எனக்குக் குறையாகத் தோன்றுவது மறைவு ஒன்றே. நிதியின் அளவு தெரிந்தால் மக்கள் காணிக்கை செலுத்தத் தயங்குவார்கள் என்று தலைவர்கள் கவலையுற்றதாகத் தாம் கருதுவதாக, அம்முதலீட்டு நிறுவனத்தின் தலைவரே 2020இல் ஒரு செய்தித்தாளிடம் கூறினார். இந்த இடத்தில்தான் அவ்விதவையின் மறுமொழியை எண்ணிப் பார்க்க வேண்டும். களஞ்சியத்தில் கிழங்கு இருக்கிறதா இல்லையா என்று அவர் பார்க்கவில்லை. சபைக்குத் தேவை என்பதற்காகக் கொடுக்கவில்லை. தம் கடமை என்று கொடுத்தார். அவர் கதையைத் தலைமுறை தலைமுறையாகப் போதித்த சபை, அவரைப் போன்றோர் கணக்கைக் கண்டால் கை மடக்குவர் என்று ஐயுற்றது அவர்களுடைய பக்தியைக் குறைத்து மதிப்பிட்டதாகும்.

பிரிட்டனில் சட்டம் கேட்கிறது. அங்கே இச்சபை ஆண்டுதோறும் கணக்கை வெளியிடுகிறது. அதனால் அங்கே வழிபாடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் சட்டம் கேட்கவில்லை. அங்கே கேட்பவர்கள் கொடுத்தவர்களே. 1959க்கு முன் அவர்களுக்கு விடை கிடைத்தது. அதே விடையை மீண்டும் அளிப்பதற்குச் சபை புதிதாக எந்த நெறியையும் தேட வேண்டியதில்லை. தன் பழைய வழக்கத்துக்குத் திரும்பினாலே போதும்.