வலிக்கு ஒரு பருவம்

1745-இல் வியன்னா போய்ச் சேர்ந்து பேரரசி மரியா தெரேசாவின் மருத்துவரான கெரார்ட் வான் ஸ்வீட்டன், தன் மருத்துவ நூலில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். நடுவயது, திடகாத்திரமான உடம்பு. தினமும் ஒரே மணிக்கு இடது கண்ணுக்கு மேல் வலி கிளம்பும். கண் சிவந்து நீர் வழியும். கண்விழியை உள்ளிருந்து மெல்ல வெளியே தள்ளுவதுபோல் இருக்கும். வலி தாங்காமல் அந்த மனிதர் பித்துப் பிடித்தவர்போல் ஆகிவிடுவார். சில மணி நேரத்தில் சுவடே இல்லாமல் எல்லாம் அடங்கிவிடும்.

கிளஸ்டர் தலைவலியின் முதல் முழுமையான சித்திரம் இதுதான் என்று நரம்பியல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். வான் ஸ்வீட்டன் வலியின் இடத்தோடு அது வந்த மணியையும் குறித்துவைத்தார். அந்த ஒரு குறிப்பின் அருமை மற்றவர்களுக்குப் புரிய இருநூறு ஆண்டுகள் ஆயின.

ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய் இது. ஒவ்வொரு தாக்குதலும் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். ஒரே நாளில் எட்டு முறைகூட வரலாம். மைக்ரேன்காரர் விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் படுத்துக்கொள்வார். இவரால் உட்காரவே முடியாது. அறைக்குள் நடப்பார், தலையைச் சுவரில் முட்டிக்கொள்வார். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களோ மாதங்களோ வாட்டிவிட்டு, வந்த வலி காணாமல் போகும். பிறகு ஒரு நாள் மறுபடி தொடங்கும். சைனஸ் என்று நினைத்து ஆவி பிடித்து ஓய்ந்தவர்களும், பல்வலி என்று நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் இவர்களில் உண்டு.

எது இந்த வலியைக் கிளப்புகிறது? அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பேயார்ட் ஹார்ட்டன் இந்தக் கேள்விக்கு ஊசியால் விடை தேடினார். 1939-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், இந்த நோயாளிகள் தற்கொலை செய்துகொள்ளாமல் கண்காணிக்க வேண்டியிருந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. தோலுக்கு அடியில் சிறிதளவு ஹிஸ்டமைன் செலுத்தினால் பலருக்கு அதே வலி அச்சு அசலாக வந்தது. ஹிஸ்டமைன்தான் குற்றவாளி என்று முடிவுகட்டி, அதையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சையைப் பரப்பினார். அந்தச் சிகிச்சை நிலைக்கவில்லை. ஆனால் தூண்டுதலைச் சோதித்துப் பார்க்க முடியும் என்று காட்டியது ஹார்ட்டனின் பெரிய கொடை.

தாக்குதல்கள் கொத்துக் கொத்தாக வருவதை 1952-இல் அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் குங்கிள் விவரித்தார். நோய்க்கு இன்றைய பெயர் அங்கிருந்து வந்தது.

திருப்புமுனை 1968. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் நைட்ரோகிளிசரினைச் சுவீடன் மருத்துவர் கார்ல் எக்போம் இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வலிப் பருவத்தில் இருந்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் தாக்குதல் வந்தது. பருவம் கழிந்தவர்களுக்கு அதே மருந்து அந்த வலியைக் கொண்டுவரவில்லை.

மதுவின் கதையும் இதேதான். பருவம் நடக்கும்போது ஒரு குவளை பியர் போதும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வலி வந்துவிடும். பருவம் முடிந்தபின் அதே ஆள் குடித்தாலும் அந்த வலி எட்டிப் பார்ப்பதில்லை. தன் தூண்டுதல் எது என்று தேடும் நோயாளி தடுமாறுவது இங்கேதான். ஜனவரியில் குடித்தபோது ஒன்றும் ஆகவில்லையே என்று மதுவை விடுதலை செய்துவிடுவார். மார்ச்சில் வலி வந்த நாளில் சாப்பிட்ட ஏதோ ஒரு பண்டத்தைக் குற்றவாளி ஆக்குவார். மைக்ரேன்காரர்களுக்கான சாக்லேட், பாலாடைக்கட்டிப் பட்டியலை அப்படியே இவர்கள் கையில் கொடுப்பது பெரும் அநியாயம். வலிக் குறிப்பேட்டில் சாப்பாட்டைவிட முதலில் எழுத வேண்டியவை தேதியும் மணியும்தான். பிறகு மது, பெயின்ட், பெட்ரோல், வாசனைத் திரவியம் போன்ற நெடிகள், பகல் தூக்கம்.

தூக்கம் இதில் தனி அத்தியாயம். கண்ணயர்ந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலி எழுப்பிவிடுவதால் படுக்கப் பயப்படுகிறவர்கள் பலர். கலிபோர்னியாவின் லீ குட்ரோ தானும் இந்த வலியை அனுபவித்த மருத்துவர். தன் நோயாளிகளின் பருவங்களை நாட்காட்டியோடு ஒப்பிட்டு, மிக நீண்ட பகலையும் மிகக் குறுகிய பகலையும் ஒட்டி அவை அதிகமாகத் தொடங்குவதாக 1987-இல் எழுதினார். 1998-இல் லண்டனில் ஆர்னே மே, பீட்டர் கோட்ஸ்பி குழுவினர் நைட்ரோகிளிசரினால் வலியை வரவழைத்து ஒன்பது பேரின் மூளையைப் படம் எடுத்தார்கள். உடம்பின் நாள் கணக்கை நடத்தும் ஹைபோதலாமஸ் பகுதி அதில் விழித்திருந்தது. வான் ஸ்வீட்டன் குறித்த மணிக்கு உடம்புக்குள் ஓர் இடம் கிடைத்தது.

2018-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் எக்போமின் சோதனையை வேறொரு பொருளைக் கொண்டு செய்தார்கள். நரம்பு முனைகளில் சுரக்கும் சிஜிஆர்பி என்ற புரதத் துணுக்கை ரத்தத்தில் ஏற்றியபோது, பருவத்தில் இருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேருக்குத் தாக்குதல் வந்தது; பருவம் ஓய்ந்திருந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் வரவில்லை. அடுத்த ஆண்டே, அந்தப் பொருளைத் தடுக்கும் கால்கனேசுமாப் ஊசிக்கு, விட்டுவிட்டு வரும் கிளஸ்டர் தலைவலிக்காக அமெரிக்கா அனுமதி அளித்தது. ஆண்டு முழுவதும் வலி விடாதவர்களுக்கு நடந்த சோதனையில் அந்த ஊசி பலன் தரவில்லை. அவர்களுக்கான தேடல் இன்னும் நடக்கிறது.