இலை அளவும் சி.சி. கணக்கும்

சுசுருத சம்ஹிதையில் அறுபட்ட மூக்கைச் சீராக்கும் முறை சொல்லப்படும் இடத்தில், வைத்தியர் முதலில் ஓர் இலையைப் பறித்துக்கொள்ள வேண்டும் என்று வருகிறது. மூக்கு போன இடத்தின் அளவுக்கு அந்த இலையைச் சரிபார்த்து, அதே அளவுக்குக் கன்னத்துச் சதையை எடுத்து ஒட்டுவார்கள். 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' பத்திரிகையில் வந்த செய்தியும் இதே மாதிரிதான். ஆங்கிலப் படையில் மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜியின் மூக்கைத் திப்பு சுல்தானின் ஆட்கள் அறுத்துவிட்டார்கள். புனே பக்கத்தில் ஒருவர் மெழுகைத் தகடாக்கி அவருடைய மூக்கில் பொருத்திப் பார்த்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டார். அந்த அளவுக்கு நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு வைத்தார். இலையோ மெழுகோ, முதலில் இடத்தை அளப்பது, அப்புறம் கத்தியை எடுப்பது.

பிளாஸ்டிக் சர்ஜரி வரலாற்றில் எல்லாரும் பெருமையாகச் சொல்லும் இந்தக் கதையை நான் வேறு காரணத்துக்காக எடுத்தேன். அதே துறையின் இன்னொரு கிளை, மார்பகத்தில் செயற்கைப் பை வைக்கும் அறுவை, இந்தப் பழைய பாடத்தை வெகுகாலம் மறந்தே இருந்தது. அந்த மறதியின் பலனைப் பெண்கள் இரண்டாவது அறுவை மேசையில் அனுபவித்தார்கள். பம்பாயில் அறுவை அரங்கில் 24 வருஷம் செவிலியாக நின்றவள் நான். முதல் தடவை வந்தவர்களைவிட, வைத்ததை மாற்ற மறுபடி வந்தவர்களின் முகம்தான் ஞாபகத்தில் நிற்கிறது. பெரும்பாலும் ஒரே கேள்வி: "சிஸ்டர், இந்தத் தடவை எத்தனை சி.சி. போட்டா சரியா இருக்கும்?"

ஆரம்பத்தில் அளவை உடம்பே கொடுத்தது. 1895-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் வின்சென்ஸ் செர்னி என்ற மருத்துவர், ஒரு பாடகியின் மார்பிலிருந்து கட்டியை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்த பிறகு இரு பக்கமும் ஒன்றாக இருக்காதே என்று, அவர் உடம்பிலேயே வேறு இடத்தில் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து அந்தக் குழியை நிரப்பினார். குழி எவ்வளவோ அவ்வளவு நிரப்பு. அடுத்து வந்த காலம் அவ்வளவு நல்ல காலம் இல்லை. வியன்னாவில் ராபர்ட் கெர்சூனி தொடங்கிவைத்த பாரஃபின் ஊசி, 1950-களின் பிளாஸ்டிக் பஞ்சு, திரவ சிலிகோன் ஊசி என்று ஒவ்வொன்றாக வந்து, கட்டியும் புண்ணுமாகப் பெண்களை வாட்டிவிட்டுப் போயின.

1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் க்ரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இருவர் சிலிகோன் உறைக்குள் சிலிகோன் கூழை அடைத்து முதல் பையை வைத்தார்கள். ரத்தப் பையைக் கையில் பிடித்துப் பார்த்தபோது ஜெரோவுக்கு இந்த யோசனை தோன்றியது என்பார்கள். தயாரித்துக் கொடுத்தது டவ் கார்னிங் நிறுவனம். முதல் பெண்மணி டிம்மி ஜீன் லிண்ட்சே. மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்கத்தான் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர்கள் இதைச் சொன்னபோது, அதைவிடத் தன் காதுகளைச் சரிசெய்துகொள்ளத்தான் ஆசை என்றாராம். சரி, காதையும் பண்ணித் தருகிறோம் என்று பேசி முடித்தார்கள். பெரிதாக வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. யாரும் கேட்காத அளவோடு தொடங்கியது இந்த வரலாறு.

பிறகு கேட்பவர்கள் வந்தார்கள். எதை வைத்துக் கேட்பது? கையில் இருந்தது உள்பாடிக் கடையின் எழுத்துக் கணக்கு. 1932-ல் எஸ்.எச்.கேம்ப் என்ற அமெரிக்க நிறுவனம் ஏ, பி, சி, டி என்று வைத்த எழுத்துகள்தான் அது. ஜவுளி விற்க ஏற்பட்ட கணக்கு. 34-பி அளவும் 38-பி அளவும் ஒரே கொள்ளளவு இல்லை, கம்பெனிக்குக் கம்பெனியும் மாறும். பெண் "சி வேணும்" என்பாள், டாக்டர் கண்ணால் பார்த்து, பட்டியலில் உள்ள சி.சி. எண் ஒன்றைச் சொல்வார். ஒரு சி.சி. என்பது ஒரு மில்லி லிட்டர். அந்த எண் பெண்ணின் உடம்பை அளந்து வந்ததில்லை.

இடையில் வந்த பெரிய சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலிகோன் கூழ் உடம்பைக் கெடுக்கிறது என்ற வழக்குகளால் 1992-ல் அமெரிக்க அரசு அதைப் பெரும்பாலும் நிறுத்திவைத்தது. டவ் கார்னிங் 1995-ல் திவாலானது. 1999-ல் அங்குள்ள மருத்துவக் கழகத்தின் அறிக்கை, உடம்பு முழுவதையும் தாக்கும் நோய்க்கு ஆதாரம் இல்லை, மார்பிலேயே வரும் சிக்கல்களும் மறு அறுவைகளும்தான் பெரிய தொல்லை என்றது. 2006-ல் தடை நீங்கியது. 2011-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. வெளியிட்ட கணக்கு இது: அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கும், புற்றுநோய்க்குப் பின் வைத்துக்கொண்டவர்களில் இரண்டில் ஒருவருக்கும் 10 வருஷத்துக்குள் பையை எடுக்க நேர்கிறது. மறு அறுவைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில், அளவை மாற்றித் தரக் கேட்பதும் முன்வரிசையில் நிற்கிறது.

இலையைத் திரும்பக் கொண்டுவந்தவர் என்று ஒருவரைச் சொல்லலாம் என்றால், டல்லாஸ் நகரத்து ஜான் டெபெட்ஸைச் சொல்வேன். 2005-ல் அவர் வெளியிட்ட கட்டுரை ஐந்து அளவுகள், ஐந்து முடிவுகள், ஐந்து நிமிஷம் என்றது. மார்பின் அடி அகலம், முன்னே இழுத்தால் தோல் எத்தனை சென்டிமீட்டர் வருகிறது, காம்பிலிருந்து கீழ்மடிப்பு வரை எவ்வளவு, மேலேயும் கீழேயும் கிள்ளிப் பிடித்தால் சதை எவ்வளவு தடிமன். மேல்பக்கம் கிள்ளும்போது 2 செ.மீ.க்குக் குறைந்தால் பையைத் தசைக்குக் கீழே வை என்பது அவர் கட்சி. இந்த அளவுகள் சொல்லும் எல்லைக்குள்தான் சி.சி. அவரோடு ஒத்துப்போகாத சர்ஜன்களும் உண்டு. பெண்ணின் விருப்பத்துக்கு இடமே இல்லையா என்று கேட்டார்கள். ஆனாலும் டேப்பைக் கையில் எடுக்காமல் எண் சொல்லும் வழக்கம் அதற்கப்புறம் கொஞ்சம் வெட்கப்பட ஆரம்பித்தது.

மறு அறுவையில் இந்தக் கணக்கு இன்னும் கடுமை. பையைச் சுற்றி உடம்பு ஒரு உறை கட்டிவிடும். சிலருக்கு அது இறுகி, மார்பு உருண்டு மேலேறிக் கல்லாகும். அப்போது பார்க்கச் சின்னதாகத் தெரியும். அந்தப் பெண் "போன தடவை குறைச்சுட்டாங்க, பெருசா போடுங்க" என்பாள். உள்ளே பையின் கொள்ளளவு குறைந்தே இருக்காது. இறுகிய உறையை எடுத்துவிட்டு அதே அளவு வைத்தாலே வேறு மாதிரி தெரியும். அதனால் எத்தனை சி.சி. என்பதற்கு முன்னால், எதற்காக மாற்றுகிறோம் என்று கேட்க வேண்டும்.

பழைய பை பெரிதாக இருந்தால், வருஷக்கணக்கில் அதன் பாரத்தில் சதை மெலிந்திருக்கும், தோல் தளர்ந்திருக்கும். அங்கே இன்னும் பெரியது வைத்தால் விளிம்பு வெளியே தெரியும், பை கீழே இறங்கும், சில சமயம் இரண்டு மார்பும் நடுவில் ஒன்றாகிவிடும். சின்னதாக்கினாலும் சும்மா முடியாது. பழைய குழி பெரிது, புதுப் பை அதற்குள் உருளும். குழியைத் தையல் போட்டுச் சுருக்கி, மிச்சத் தோலை ஏற்றிக் கட்ட வேண்டும். புற்றுநோய்க்குப் பின் ஒரு பக்கம் மட்டும் வைத்துக்கொண்டவர்களுக்கு மறுபக்க மார்புதான் இலை. அதுவோ வயசோடும் எடையோடும் மாறிக்கொண்டே இருக்கும்.

எண்ணில் ஒரு மயக்கமும் உண்டு. 300 சி.சி.யை 375 ஆக்கினால் கால் பங்கு கூடுகிறது. கேட்கப் பெரிசு. ஆனால் வடிவம் மாறாமல் பெருத்தால் அகலமும் உயரமும் கூடுவது சுமார் 8 சதவீதம்தான். மார்பு சுமக்க வேண்டிய பாரமோ ஒரு பக்கத்துக்கு சுமார் 75 கிராம் ஏறிவிடும். தவிர, ஒரே 300 சி.சி. அகலமாகத் தட்டையாகவும் வரும், குறுகி முன்னே தள்ளியும் வரும். தோழிக்கு நன்றாக இருந்த எண் நமக்கு ஏன் சரிப்படவில்லை என்பதற்கு இதுதான் பதில்.

வீட்டில் பார்க்க ஒரு வழி எல்லா நாட்டுப் பெண்களுக்கும் தெரியும். காலுறையில் அரிசியை அளந்து போட்டு உள்பாடிக்குள் வைத்து இரண்டு நாள் நடமாடுவது. நம்ம கணக்கில் இரண்டு ஆழாக்கு அரிசி ஏறத்தாழ 336 சி.சி. வரும். தராசில் நிறுக்கக் கூடாது, அளந்துதான் போட வேண்டும். பாரம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இது போதும். வெளியே வைத்த அரிசி காட்டுகிற அளவு, சதைக்கு உள்ளே போன பையில் அப்படியே தெரியாது. மறு அறுவைக்கு இது இன்னும் குறைவாகவே உதவும், உள்ளே ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே.

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இலவச மார்பகச் சீரமைப்புப் பிரிவை அப்போதைய சுகாதார அமைச்சர் சி.விஜயபாஸ்கர் தொடங்கிவைத்தார். ஏழைக்கு அழகுச் சிகிச்சை எதற்கு என்று ஒரு பக்கம், ஏழைக்கு மட்டும் ஏன் கூடாது என்று இன்னொரு பக்கம் பத்திரிகைகளில் சூடாக விவாதம் நடந்தது. இரண்டாவது கட்சிதான் என் கட்சி. ஆனால் பத்து வருஷம் கழித்து மாற்ற வேண்டி வந்தால் அந்தச் செலவு யாருடையது என்று கேட்ட கட்டுரை எதுவும் என் கண்ணில் படவில்லை. 2010-ல் பிரான்ஸின் பி.ஐ.பி. நிறுவனம் தொழிற்சாலைச் சிலிகோனை அடைத்து விற்றது பிடிபட்டபோதும், 2019-ல் ஒரு வகைப் புற்றுநோய்த் தொடர்பால் அலர்கன் தன் சொரசொரப்புப் பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றபோதும், தங்களுக்குள் இருப்பது எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று தெரியாமல் தவித்த பெண்கள் ஏராளம். உள்வைப்போடு ஒரு அட்டை தருவார்கள், கம்பெனி, வகை, எண், சி.சி. எல்லாம் அதில் இருக்கும். மறு அறுவைக்கு வந்தவர்களில் அதைக் கொண்டுவந்தவர்களை நான் விரல் விட்டு எண்ணலாம்.

அப்படி அட்டை இல்லாமல் வந்த ஒருவர், முன்பு செய்த இடத்தில் 350 என்று சொன்னதாகச் சொன்னார். அதை நம்பி 400 கேட்டார். எடுத்த பையில் எழுத்து எதுவும் படிக்கிற மாதிரி இல்லை. சர்ஜன் சொல்ல, அளவுக் கோப்பையில் நீர் ஊற்றிப் பையை அமிழ்த்தினேன். நீர் ஏறியது 275. அடி அகலத்தை மறுபடி அளந்து பார்த்துவிட்டு அவர் 300 எடுக்கச் சொன்னார். கட்டு பிரித்த அன்று அந்தப் பெண் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "400 நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்" என்றார். சர்ஜன் பக்கத்தில் உட்கார்ந்து, புது அட்டையை எடுத்து அதிலிருந்த எண்ணைக் காட்டினார்.