ஜி.எஸ்.டி. சாலையில் லைனிங்கும் பேடும்

காரின் பிரேக் பேடு, இரும்புத் தகட்டின் மேல் உராய்வுப் பொருளை அழுத்தி ஒட்டிய சிறு துண்டு. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் கவ்வி, வண்டியின் வேகத்தை வெப்பமாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் தானும் கொஞ்சம் தேய்கிறது. தாம்பரத்துச் சாலைகளில் அம்பாசடரும் பத்மினியும் ஹெரால்டும் ஓடிய காலத்தில் ஷெட்டுகளில் இந்தப் பெயருக்கு வேலை இல்லை. அன்று எல்லாரும் கேட்டது லைனிங்.

ஹெரால்டு இந்தப் பகுதியின் சொந்த வண்டி. 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூர்–பெருங்களத்தூர் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையோரத்து ஆலையில் முதலில் வான்கார்டையும், 1961 முதல் ஹெரால்டையும் தயாரித்தது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். டிரம்முக்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள், அவற்றின் முதுகில் ரிவெட் அடித்த லைனிங். தேய்ந்தால் ஷூவை யாரும் தூக்கி எறிவதில்லை. பழைய ரிவெட்டைத் துளைத்து எடுத்து, புது லைனிங்கை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்குமாக ரிவெட் அடித்து, விளிம்பை அரத்தால் சரித்து, மறுபடி மாட்டுவார்கள். ரிவெட்டின் தலை லைனிங்கின் குழிக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். லைனிங் அதுவரை தேய்ந்துவிட்டால் ரிவெட் டிரம்மைக் கீறிவிடும். பிறகு டிரம்மை லேத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். லைனிங்கின் தரத்தைப் போலவே அடிப்பவரின் கைப்பக்குவமும் முக்கியம்.

லைனிங்குக்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. இங்கிலாந்தின் கிர்லிங் தொழில்நுட்பத்தோடு 1962-இல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா வந்தது. 1964-இல் ரானே பிரேக் லைனிங்ஸ், 1974-இல் சுந்தரம் அபெக்ஸ் என்று அடுத்தடுத்து வந்தன. பின்னது இன்றைய சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த அந்தக் காலத்தில், நாட்டின் பிரேக் தொழிலில் பெரும்பங்கு சென்னையில் வேரூன்றியது.

அந்த லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. சூட்டைத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். டிரம்மைத் திறந்ததும் காற்றுக் குழாயால் அந்தத் தூசியை ஊதித் தள்ளுவது ஷெட்டுகளின் வழக்கம். உள்ளே போனது என்னவென்று ஊதியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிரிட்டன் 1999-இல் ஆஸ்பெஸ்டாஸை முழுதாகத் தடை செய்தது. இன்று நல்ல பேடுப் பெட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று அச்சிட்டிருக்கும். அந்த வரி இல்லாத பெட்டியை, வாங்குபவருக்காக மட்டுமல்ல, மாட்டுபவருக்காகவும் ஒதுக்க வேண்டும்.

டிஸ்க் பிரேக்குக்கு ஆங்கிலேயப் பொறியாளர் லான்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை பெற்றார். 1953-இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் அதை வைத்து வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. வண்டலூர் ஆலையில் அது 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 காரின் முன்சக்கரங்களில் வந்தது. அந்தக் கார் ஓடவில்லை. 80-களின் இறுதியில் ஆலையும் நின்றது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவும், 1999-இல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகானும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்ற அமைப்போடு வெளிவந்தன. மாருதி ஏற்கெனவே பழக்கிவிட்டிருந்த பேடு, இப்போது புறநகர்க் கடைகளின் அன்றாடச் சரக்கானது. கையால் ரிவெட் அடித்த இடத்தில், நான்கு பேடு கொண்ட பெட்டி வந்தது.

தேர்வு இப்போது பெட்டியைப் பார்த்து நடக்கிறது. கார் கம்பெனியின் முத்திரையோடு ஒன்று, பிரேக் தயாரிப்பாளரின் சொந்தப் பெயரில் ஒன்று, பெயர் தெரியாத மலிவுச் சரக்கு ஒன்று. முதல் இரண்டுக்கும் விலை வேறுபாடு பெரிது, தர வேறுபாடு பெரும்பாலும் சிறிது. பல பேடுகளின் முதுகிலோ ஓரத்திலோ இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டிலும், இரண்டாவது கடும் சூட்டிலும் பிடிக்கும் அளவு, அதாவது உராய்வுக் குணகம்: ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. பிடிப்பைத்தான் அவை சொல்லும்; ஆயுளைச் சொல்லாது. குரோம்பேட்டை, பல்லாவரம் சிக்னல்களில் நின்று நின்று போகும் வண்டிக்கு, குளிர்ந்த நிலையிலேயே நன்றாகப் பிடிக்கும் சாதாரண ஆர்கானிக் பேடு போதும். இரும்புத்தூள் மிகுந்த கடினப் பேடு அதிகச் சூட்டைத் தாங்கும். ஆனால் சத்தமும் அதிகம், டிஸ்க்கையும் தின்னும்.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-இல் மறைமலை நகர் ஆலை அடங்கியது. ஜி.எஸ்.டி. சாலை இதை ஸ்டாண்டர்டு நின்றபோதே பார்த்திருக்கிறது. ஹெரால்டின் லைனிங்கை அளவுக்கு வெட்டி அடிக்க ஒரு கை போதுமாயிருந்தது. ஃபோர்டு ஃபிகோவின் பேடுக்கு அச்சு வேண்டும், அதை யாராவது தொடர்ந்து ஓட்ட வேண்டும். வெளிச்சந்தைத் தயாரிப்பாளர்கள் ஓட்டும்வரை கவலையில்லை. பழைய தகட்டின் மேல் புதுப் பொருளை ஒட்டித் தருவதை மட்டும் ஏற்கக் கூடாது; ஒட்டு விட்டால் வண்டி நிற்காது.

கவுண்டரிலேயே பழைய பேடைப் புதியதன் மேல் வைத்துப் பார்ப்பது நல்லது. தகட்டின் காதுகளும் வடிவமும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். உராய்வுப் பொருள் 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டுமல்ல, இடது வலது இரண்டிலும் சேர்த்து. மாற்றியதும், பேடுகளைத் தாங்கும் காலிப்பரின் பின்கள் தடையின்றி நகர்கின்றனவா என்று பார்த்து, முதல் சில நூறு கிலோமீட்டர் திடீர் பிரேக் போடாமல் ஓட்டினால், பேடு டிஸ்க்கோடு படிந்துவிடும்.