கற்கும் காலத்துக்கு உரிய கூலி: புதிய விவசாயிகளுக்கு ஜப்பான் வழங்கும் நிதியுதவி பற்றிய ஓர் ஆராய்ச்சி

விவசாயத்தை ஜீவனோபாயமாக மேற்கொள்ளத் துணியும் ஒருவனுக்கு முதற்கண் குறையாக இருப்பது யாது என்று கேட்டால், நிலம் என்றும், கருவிகள் என்றும், கடன் வசதி என்றும் விடை கூறுவதே வழக்கம். இவற்றின் அவசியத்தை மறுப்பார் இலர். ஆயினும், இவை யாவும் கைக்கு எட்டிய பின்னரும், மண்ணின் குணத்தையும் பருவத்தின் போக்கையும் சந்தையின் இயல்பையும் சொந்த அனுபவத்தால் அறிந்து, விளைச்சலைக் கொண்டே குடும்பத்தைப் போஷிக்கும் நிலையை அவன் அடைவதற்குப் பல ஆண்டுகள் செல்கின்றன; அவ்வாண்டுகளில் அவன் வீட்டு அடுப்பு எவ்வாறு எரியும் என்பதே ஆதாரமான வினா. ஆகவே, புதிய விவசாயிக்கு அரசு தரும் நிதியுதவி, சாதனங்களின் விலையாக அன்றி, அவன் கற்றுத் தேறும் காலத்துக்குரிய கூலியாக அமைதல் வேண்டும் என்பதும், 2012-ஆம் ஆண்டில் இதனை நன்குணர்ந்து ஒரு திட்டம் வகுத்த ஜப்பான், பத்தாண்டுகளுக்குப் பின் அதனின்றும் ஓரளவு விலகியது பிழை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அத்திட்டம் தோன்றிய சூழ்நிலை கவலைக்குரியது. ஜப்பானில் விவசாயத்தையே பிரதானத் தொழிலாகக் கொண்டு உழைப்போர் 2000-ஆம் ஆண்டில் சுமார் 24 இலட்சம் பேர். திட்டம் தொடங்கிய பின்னும் இத்தேய்வு தொடர்ந்து, 2020-இல் அத்தொகை சுமார் 13.6 இலட்சமாகச் சுருங்கியது. அவர்களுடைய சராசரி வயதும் 67.8 ஆக உயர்ந்தது. தந்தைக்குப் பின் மைந்தன் என்னும் பரம்பரை அறுபட்டுவரும் நிலையில், விவசாயக் குடும்பத்தில் பிறவாத இளைஞரையும் வயலுக்கு வரவேற்க வேண்டிய நிர்ப்பந்தம் அரசுக்கு ஏற்பட்டது.

2012-இல் தொடங்கிய உதவித்தொகை இரு கூறுகளை உடையது. பயிற்சி பெறுவோருக்கு இரண்டாண்டு வரையிலும், சுயமாகப் பண்ணை தொடங்கியோருக்கு ஐந்தாண்டு வரையிலும், ஆண்டொன்றுக்கு 15 இலட்சம் யென் வழங்கப்பட்டது. தம்பதிகளாகப் பண்ணை நடத்துவோருக்கு அதில் ஒன்றரை மடங்கு. 45 வயதுக்கு உட்பட்டோர்க்கே முதலில் இருந்த உரிமை, 2019-இல் 50 வயதுக்கு உட்பட்டோர் வரை விரிந்தது. பெற்றவர் சாகுபடி நிலத்தில் தமக்கென உரிமை உடையவராகவும், விளைபொருளைத் தம் பெயரிலேயே விற்று வரவு செலவுக் கணக்கைத் தாமே பேணுபவராகவும் இருத்தல் வேண்டும். பயிற்சிக்காகப் பணம் பெற்றவர் பின்னர் விவசாயத்தில் இறங்காவிடில் அதனைத் திருப்பித் தரவும் கடமைப்பட்டவர். பிரான்சு தேசம் 1973-இல் மலைப் பிரதேசங்களிலும் 1976-இல் நாடு முழுவதிலும் நடைமுறைப்படுத்திய இளம் விவசாயிகளுக்கான நிதி, பண்ணையை நிறுவுவதற்குரிய மூலதனக் கொடையாகவே எண்ணப்பட்டது. ஜப்பானியத் திட்டமோ, பண்ணையை விடுத்துப் பண்ணையாளனின் அன்றாட வாழ்க்கையையே நேராக நோக்கியது. அதன் விசேஷம் இதுவே.

உழைக்காமலே ஊதியம் கிடைக்குமாயின் முயற்சி தளரும் என்பார் உளர். இவ்வாட்சேபம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆனால் அதற்குரிய பரிகாரம் உதவியைக் குறுக்குவதில் இல்லை, அதனை அளந்து கொடுக்கும் முறையில் உள்ளது. ஆதியில் வருமானம் 25 இலட்சம் யென்னை எட்டியதும் உதவி முற்றும் நின்றது. ஆகவே, அந்த எல்லையை நெருங்கிய ஒருவனுக்கு இன்னும் சிறிது முன்னேறுவதே நஷ்டமாயிற்று. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம், வருமானம் 10 இலட்சத்தைக் கடந்தபின், 35 இலட்சத்துக்கு அது எவ்வளவு குறைகிறதோ அதில் ஐந்தில் மூன்று பங்கை உதவியாக வகுத்தது. இதன்படி 20 இலட்சம் ஈட்டியவன் 9 இலட்சம் பெறுவான். அவன் கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு நூறு யென்னுக்கும் உதவியில் அறுபது குறைந்தாலும் நாற்பது அவன் கையில் நிற்கும். முயற்சியைத் தண்டியாமல் உதவியைப் படிப்படியாக விலக்கும் இம்முறை, மேற்கூறிய ஆட்சேபத்துக்குத் தக்க சமாதானமாகும்.

2022-இல் வந்த மாற்றம் வேறு திசையில் சென்றது. பண்ணை தொடங்கியோருக்கான ஆண்டுத்தொகை ஐந்தாண்டிலிருந்து மூன்றாண்டாகக் குறுகியது. அதனுடன், இயந்திரம், கட்டிடம், பழமரம் முதலியவற்றில் ஒரு கோடி யென் வரையிலான செலவுக்கு—ஆண்டுத்தொகையும் பெறுவோராயின் 50 இலட்சம் வரை—மானியம் தரும் ஏற்பாடு பிறந்தது. மூலதன மானியம் நன்மையே. ஆனால் அது காலத்துக்கு ஈடாகுமா? பீச் மரத்துக்கும் செஸ்ட்நட் மரத்துக்கும் மூன்றாண்டு, கக்கி மரத்துக்கு எட்டாண்டு என்று ஜப்பானியரின் பழமொழியே பலன் தரும் காலத்தை வகுத்துச் சொல்கிறது. சில மாதங்களில் பறிக்கும் கீரைக்கும் பல ஆண்டு காத்திருக்கும் பழத்தோட்டத்துக்கும் ஒரே தவணை விதித்தால், கன்றுகள் காய்க்கத் தொடங்குமுன் உழவனின் கையிருப்பு தீர்ந்துவிடும்; மானியத்தில் வாங்கிய உழவு இயந்திரம் அப்போது அவனுக்கு உணவு அளிக்காது.

காலத்தைப் போலவே நிலத்தின் ஸ்திரமும் கருதத்தக்கது. 1952-ஆம் ஆண்டு விவசாய நிலச் சட்டத்தின்கீழ், நிலம் கைமாற உள்ளூர் விவசாயக் குழுவின் அனுமதி வேண்டும். பொது விதியாகக் குறைந்தது அரை ஹெக்டேரும், ஹொக்கைடோவில் 2 ஹெக்டேரும் சாகுபடி செய்தாக வேண்டும் என்ற நிபந்தனை, சிறிதாகத் தொடங்க விரும்பிய புதியவனுக்குத் தடையாய் நின்று, 2023 ஏப்ரலில்தான் நீங்கியது. குத்தகை நிலங்களைச் சேர்த்து வைக்கும் நில வங்கிகள் 2014 முதல் இயங்குகின்றன. இவ்வங்கிகளின் வழியாகக் கிடைக்கும் குத்தகையின் தவணையோடு உதவித்தொகையின் தவணையையும் இணைத்து, பயிருக்குப் பயிர் அதன் நீளத்தை வேறுபடுத்தி, 2015-இன் அளவுமுறையால் அதனை மெல்ல மெல்ல விலக்குவதே நியாயமான வழியென்று தோன்றுகிறது. மரம் காய்க்கும் நாள்வரை அதை நட்டவனை நிலத்தில் நிலைநிறுத்தும் உதவியே புதிய விவசாயிக்குரிய உதவி; அதற்கு முன்னே நின்றுபோவது, மரத்தை மட்டும் விட்டுவைத்து, அதை அறிந்தவனை இழப்பதற்கே ஏதுவாகும்.