ரந்தாவ் அபாங்: கூடுகளின் கணக்கு காட்டியதும் மறைத்ததும்

அருகிவரும் உயிரினங்கள் என்று தலைப்புக் கொடுத்தால் நம் மாணவர்கள் புலி, யானை, ஓராங் ஊத்தான் என்று எழுதி, காடழிப்பே காரணம் என்று முடித்துவிடுவாங்க. ஓர் உயிரினம் ஆபத்தில் இருப்பதை எதை வைத்து, எப்போது கண்டுபிடித்தார்கள் என்று அவர்களும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே இருக்கு: திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரை.

உலகின் மிகப் பெரிய கடலாமை முட்டையிட வந்த இடம் அது. மலாயில் 'பெனியு பெலிம்பிங்'. பெலிம்பிங் என்பது நாம் சந்தையில் வாங்கும் நட்சத்திரப் பழம்தான். ஆமையின் முதுகில் நீளமாக ஓடும் வரிமேடுகள் அந்தப் பழத்தை நினைவுபடுத்தும். தமிழில் ஏழுவரி ஆமை என்பார்கள்.

1956-இல் திரெங்கானுவில் பதிவான கூடுகள் 10,155. 1995-இல் 37. ஒரு தாய் ஒரே பருவத்தில் ஐந்தாறு முறை முட்டையிடும். அப்படின்னா 37 கூடுகள் என்பது 37 தாய்கள் அல்ல, ஆறோ ஏழோதான். (கணிதப் பாடத்திலும் இதைக் கொடுக்கலாம்.)

இடைப்பட்ட காலத்தில் யாரும் எண்ணாமல் இல்லை. சட்டமும் இருந்தது, திரெங்கானுவின் ஆமைச் சட்டம் 1951-இல் வந்தது. ஆனால் கடற்கரையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முட்டை எடுக்க உரிமம் கொடுத்தார்கள். முட்டைகள் கிட்டத்தட்ட முழுவதும் சந்தைக்குப் போயின. அப்படியும் ஆண்டுதோறும் ஆமைகள் வந்துகொண்டே இருந்தன. ஏன்? இந்த ஆமை வளர்ந்து முட்டையிடப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும்; வளர்ந்தபின் பல ஆண்டுகள் வாழும். கரையேறி வந்தவை முட்டை வணிகம் பெருகுவதற்கு முன்பே பிறந்த தாய்கள். கூடுகளை எண்ணியவர்கள் பார்த்தது பழைய தலைமுறையை. அடுத்த தலைமுறை பிறக்கவே இல்லை என்பது அந்தக் கணக்கில் தெரியாது. 1970-களில் இழுவைப் படகுகளும் பெரிய கண் வலைகளும் பெருகி, வளர்ந்த ஆமைகளும் சாகத் தொடங்கியபோது எண்ணிக்கை சரிந்தது. தாங்கிப் பிடிக்க இளம் ஆமைகள் இல்லை.

முயற்சியே எடுக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1961-லேயே முட்டைகளில் ஒரு பகுதியைப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விட்டார்கள். அதிலும் ஒரு சிக்கல். ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகப் போக எல்லாமே பெண். பொரிப்பகத்து மணலில் வந்தவை பெரும்பாலும் பெண் குஞ்சுகளே என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கண்டார்கள். 1988-இல் ரந்தாவ் அபாங் ஆமைச் சரணாலயம் ஆனது. அதற்குள் கூடுகள் ஏற்கெனவே சில நூறாகச் சுருங்கியிருந்தன.

இன்னொன்று, ஆமைக்கு மாநில எல்லை கிடையாது. இங்கே குறியிட்டு விட்டவை பிலிப்பைன்ஸ், தைவான், ஜப்பான் கடல்களில் வலையில் சிக்கின. திரெங்கானு மட்டும் திட்டம் போட்டால் போதாது. ஆசியான் நாடுகள் கடலாமைப் பாதுகாப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1997-இல், அதாவது அந்த 37-க்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.

தேர்வு எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில், 2013 மதிப்பீட்டின்படி, ஏழுவரி ஆமை உலக அளவில் 'எளிதில் பாதிப்புறக்கூடியது'. அட்லாண்டிக் கடலில் நிறைய இருந்ததால் அந்த நிலை. ஆனால் நம்ம பக்கத்து ஆமைகள் அடங்கும் மேற்குப் பசிபிக் பிரிவு அதே மதிப்பீட்டில் 'மிக அபாய நிலை'. ஒரே விலங்கு, இரண்டு நிலை. உலக நிலையை மட்டும் பார்த்து எழுதினால் விடை முழுதாகத் தப்பில்லை. ஆனால் ரந்தாவ் அபாங்கில் நடந்தது அதில் வராது. வட்டாரப் பட்டியல் தனியாக ஏன் போடுகிறார்கள் என்று வகுப்பில் கேட்டால், நான் இந்த இரண்டு வரியைத்தான் பலகையில் எழுதிக் காட்டுவேன்.

திரெங்கானுவில் எல்லா வகைக் கடலாமை முட்டைகளின் விற்பனைக்கும் தடை வந்தது 2022 ஜூனில். அது இன்றும் கரையேறிவரும் பச்சை ஆமைகளுக்குப் பயன்படும்.