எதுகை அவிழ்த்த புதிர்கள்

எதுகை என்பது செய்யுளின் ஓசை நயத்துக்கானது என்றே பள்ளியில் படித்தோம். எமது பழைய நூல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த வரலாற்றை நோக்கினால், அது ஆற்றிய வேறொரு பணியும் புலப்படும்.

மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும். ஆதலால் ஏடெழுதியோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். 'கல்வி'யும் 'கலவி'யும் ஏட்டில் ஒரே வடிவமாயின. 'கொடு', 'கோடு' என்பனவும் அவ்வாறே. எகர ஒகர நெடில்களுக்கு வீரமாமுனிவர் தனி வடிவம் தந்தது 18ஆம் நூற்றாண்டிலேயே. காலும் ரகரமும் ஒத்திருந்தமையால் 'காடு' என்பதைக் 'கரடு' என்றும் படிக்கலாம்.

சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் 1887இல் பதிப்பித்தனர். இத்தகைய ஏடுகளோடுதான் அக்காலப் பதிப்பாசிரியர்கள் மல்லாட நேர்ந்தது.

இப்புதிருக்கு எதுகை ஒரு திறவுகோல். அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றவேண்டும். முதலெழுத்துகள் குறிலாகவோ நெடிலாகவோ அளவொத்திருக்கவேண்டும். முன்னடி 'செல்வம்' என்று தொடங்கினால், அடுத்த அடியில் இருப்பது கல்வியே. 'செலவம்' என்றொரு சொல் இல்லையே! முன்னடியில் 'நாடு' இருந்தால் பின்னடியில் காடுதான், கரடு அன்று. கட்டளைக் கலித்துறையில் இன்னொரு காவலும் உண்டு. ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்குவதற்கு 17. கணக்குப் பிசகினால் பாடமும் பிசகியிருக்கும்.

எல்லா இடத்திலும் இது கைகொடுக்காது. சிந்தாமணியின் விருத்தங்களில் நான்கடிக்கும் எதுகை உண்டு. சங்கப் பாடல்களில் அந்த ஒழுங்கு இல்லை. அடியின் நடுவில் வரும் சொல்லுக்கும் உரைநடைக்கும் அது துணையாகாது. அங்கே பல பிரதிகளை ஒப்பிட்டு, உரையாசிரியர் கொண்ட பொருளிலிருந்து மூலச் சொல்லை உய்த்துணரவேண்டும். மேற்சொன்ன இரு நூல்களுக்கும் நச்சினார்க்கினியர் உரை கிடைத்தமை பெரும்பேறு.

ஒரு சொல்லைத் தவறாகப் படித்தால் அத்தவறே அச்சேறி நிலைத்துவிடும். ஏடும் செல்லரித்துப் போனபின், சரிபார்க்க எதுவும் மிஞ்சாது. செவிக்கு இன்பம் தரப் புலவன் வைத்த எதுகை, நூற்றாண்டுகள் கடந்து அவன் சொல்லுக்கே சாட்சி சொல்லியிருக்கிறது. எதுகை மோனையை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவோர் இதனையும் எண்ணிப் பார்ப்பது நன்று.