செஞ்சியில் ஒரு மராட்டிய மாகாணம்

தமிழகத்தில் மராட்டியர் ஆட்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது தஞ்சையே. சரபோஜி மன்னரும் சரசுவதி மகால் நூலகமும் அப்புகழை நிலைநிறுத்தின. ஆனால் தஞ்சைக்கு வடக்கே, ஏறத்தாழ இருபதாண்டுகளே நிலைத்த செஞ்சி மாகாணத்தை நாம் மறந்துவிட்டோம். புனேயில் குடியேறி வாழும் தமிழர் அதனை அறிந்திருத்தல் வேண்டும்.

1677ஆம் ஆண்டு சிவாஜி தெற்கே படையெடுத்துப் பீஜப்பூர் சுல்தானியரிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றினார். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்த பெருங்கோட்டை அது. புதிய மாகாணத்தின் நிர்வாகத்தை இரகுநாத் நாராயண் அனுமந்தே ஏற்றார். பின்னர் சிவாஜியின் மருமகன் ஹர்ஜி மகாடிக் ஆளுநரானார்.

1689இல் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றபின், தலைநகராகிய இராய்கட்டும் முகலாயர் வசமாயிற்று. தம்பி இராஜாராம் மாறுவேடத்தில் தப்பிச் செஞ்சியை அடைந்தார். மாகாணத்தின் தலைமையிடம் அரசின் தலைநகராக உயர்ந்தது! ‘பிரதிநிதி’ என்னும் உயர்பதவி அங்கேதான் தோன்றியது. மராட்டிய நாட்டை இராமச்சந்திர பந்த் அமாத்தியர் காத்து நின்றார். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயர் விலைக்குப் பெற்றதும் இக்காலத்தில்தான். அது நிகழ்ந்தது 1690இல். பீரங்கிக் குண்டு விழுந்த தொலைவே விற்பனையின் எல்லையாயிற்று.

அவ்வாண்டே சுல்பிகர் கானின் முற்றுகை தொடங்கியது. 1698இல் கோட்டை வீழ்ந்தது, மாகாணமும் மறைந்தது. ஆனால் இராஜாராம் அதற்குமுன்பே தப்பித் தாயகம் திரும்பினார். செஞ்சி தாங்கிநின்ற அவ்வெட்டாண்டுகளே மராட்டிய அரசு மீண்டெழ அவகாசம் தந்தன.

ஆயினும் புகழ்ச்சியோடு நிற்பது வரலாறாகாது. இருதரப்புப் படைகளுக்கும் சோறிட்டவர் செஞ்சிச் சீமையின் உழவரே. வரிக்கொடுமை மிகுந்திருந்ததென அக்கால ஐரோப்பியர் குறிப்புகள் கூறுகின்றன. கோப்புகளோடு வாழும் எம்போன்றோர் அறிந்த உண்மை இது: அரசுகள் மாறும், பதவிப்பெயர்கள் மாறும், வரி செலுத்துவோன் மட்டும் மாறுவதில்லை.

வாகட் வாழ் நம் குடும்பங்கள் விடுமுறை நாளில் ஏறிச்செல்லும் சிங்ககட் கோட்டையில்தான் இராஜாராம் 1700இல் உயிர்நீத்தார். அவர் சமாதியும் அங்கேயே உள்ளது. 2025இல் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்ட பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. ‘நம் ஊர் எது?’ என வினவும் பிள்ளைகளுக்குச் சிங்ககட்டைக் காட்டும்போது செஞ்சியின் கதையையும் சொல்வோமாக. அடைக்கலம் தந்த மன்னையும், அதற்கு விலை கொடுத்த உழவனையும் சேர்த்தே சொல்வோமாக.